நடனசபாபதி வீட்டுச் சிவப்புத் தரை

தில்லைநாதன் எழுந்தார். அவருடைய வேட்டி எழவில்லை.

நிச்சயதார்த்தத் தட்டு மாற்றிக்கொள்ள இரண்டு சம்பந்திகளும் எழுந்து நிற்க வேண்டிய நேரம். ஐயர் கையைக் காட்டிவிட்டார். தவில்காரர் குச்சியை ஓங்கிவிட்டார். கடலூர் முதுநகர் நடனசபாபதி வீட்டுக் கூடத்தில் புதுசாகச் சிவப்பு பெயிண்ட் அடித்த தரை கண்ணாடி மாதிரி மின்னியது. அந்த மினுமினுப்பை மறைக்கக் கூடாது என்று நடனசபாபதியே ஜமுக்காளங்களைச் சுருட்டி மூலையில் போடச் சொல்லிவிட்டார். அதனால் சிதம்பரத்திலிருந்து இரண்டு வேனில் வந்திறங்கிய மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் வெறுந்தரையில் சம்மணம் போட்டு, ஆவணிப் புழுக்கத்தில் வியர்த்து வழிந்து, நெடுநேரமாக உட்கார்ந்திருந்தார்கள். மேலே காய்ந்து தோல் கட்டியிருந்த பெயிண்ட், அவர்கள் உடம்புச் சூட்டில் உள்ளுக்குள் அல்வாவாக இளகிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா தில்லைநாதன் பட்டாபட்டி டிராயரோடு, கையில் வெற்றிலைத் தட்டோடு நின்றார். அவருடைய பட்டு வேட்டி, அவர் உட்கார்ந்திருந்த வடிவம் கலையாமல் தரையிலேயே இருந்தது.

அப்போதாவது ராஜவேல் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அந்தத் தரைக்கு பெயிண்ட் அடித்தவன் அவன்தான். "யாருப்பா இந்த வேலை?" என்று யாராவது கேட்டால் முன்னால் வந்து நிற்பதற்காகவே குளித்து, பவுடர் போட்டு, வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தான். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வியாதி. பயம் வந்தால் மற்றவர்களுக்குக் கை நடுங்கும். அவனுக்கு வாய் ஓடும்.

"மொதலாளி, கல்யாணத்துக்கு முன்னாடியே சம்பந்தி மொத சீர எறக்கி வச்சிட்டாரு பாருங்க!"

கூடம் முழுக்க ஒரு கணம் சிரித்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ரொம்ப நாளைக்கு யாரும் சிரிக்கவில்லை.

முதல் அறை ராஜவேலுக்குத்தான். மாப்பிள்ளை அரசு தன் வேட்டியில் பாதியைத் தரைக்கே விட்டுவிட்டுப் பாய்ந்து வந்து அறைந்ததில், கடைவாய்ப் பல் ஒன்று நாக்குக்கு மேல் வந்து உட்கார்ந்தது. ராஜவேல் அதை மரியாதையாகக் கையில் துப்பிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "எங்க வீட்டு வாசல்ல வச்சே எங்க ஆள அடிக்கிறியாடா?" என்று நடனசபாபதி மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்தார். "ஆள் வச்சா எங்கள அசிங்கப்படுத்துற?" என்று தில்லைநாதன் வெற்றிலைத் தட்டாலேயே சம்பந்தியின் முகத்தில் அடித்தார். மூக்கு உடைந்தது.

நடனசபாபதிக்குத் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் பேக்டரி. ரோஸ்மில்க்குக்கு ஐஸ் உடைக்க அங்கிருந்து வந்திருந்த ஆட்கள் கொல்லைப்புறத்திலிருந்து ஓடிவந்தார்கள். ஐஸ் பாரை இழுக்கும் இரும்புக் கொக்கி ஒவ்வொருத்தன் கையிலும் இருந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவருக்கு முன்கையில் இறங்கிய கொக்கி மறுபக்கம் எட்டிப் பார்த்தது. அவர் அலறவில்லை. கையைத் தூக்கி, அதில் தொங்கிய கொக்கியை ஏதோ அடுத்தவர் பொருள்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். எவனோ குத்துவிளக்கைப் பிடுங்கிச் சுழற்றினான். ஐஸ் பேக்டரி ஆள் ஒருவனின் காது பாதி அறுந்து கன்னத்தில் ஆடியது. விழுந்தவன் தரையில் ஒட்டிக்கொண்டான். ஒட்டியவனை மிதித்துக்கொண்டு மற்றவர்கள் அடித்துக்கொண்டார்கள். எழுந்திருக்க முடியாமல் கிடந்த ஒரு கிழவரின் விரல்கள்மேல் ஒரு செருப்புக் கால் ஏறி இறங்கியபோது வந்த சத்தத்தை, முறுக்கு உடைகிற சத்தம் என்றுதான் ராஜவேல் முதலில் நினைத்தான்.

போலீஸ் வந்தபோது எல்லார் மேலும் சிவப்பு. எது ரத்தம், எது பெயிண்ட் என்று இன்ஸ்பெக்டரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒரு ஆளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அவன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை, பெயிண்டில் உருண்டிருந்தான். சுவரோரம் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று விட்டவனுக்கு விலா எலும்பு முறிந்திருந்தது. கேஸ் வேண்டாம், பேசித் தீர்த்துக்கொள்கிறோம் என்று இரண்டு பக்கமும் எழுதிக் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை ராஜவேலை இழுத்துவந்து கூடத்தில் தள்ளினார்கள். பெயிண்டையெல்லாம் சுரண்டி, கல்லைப் பழையபடி ஆக்கிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. பட்டி பூசும் தகட்டை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினான். வெயிலில் காய்ந்த உடம்பில் தோல் உரிகிற மாதிரி, கையகலத்துக்கு முழுசாக உரிந்து வந்தது. இப்படி உரியக் கூடாது. அவன் அடித்த பெயிண்டைச் சுரண்டினால் சுரண்டுகிறவனுக்குத் தோள்பட்டை இறங்க வேண்டும். அதில்தான் அவனுக்குக் கொஞ்சம் கர்வம். உரித்த துண்டின் அடிப்பக்கத்தை மூக்கருகே கொண்டுபோனான்.

விளக்கெண்ணெய் வாடை.

அந்தக் கூடம் கடப்பாக் கல் பாவியது. பெண் பார்க்க வந்த அன்றைக்குத் தில்லைநாதன், "என்னா இது, எழவு வூடு மாதிரி கருகருன்னு?" என்று கேட்டுவிட்டார். அதனால்தான் சிவப்பு அடிக்க ராஜவேலைக் கூப்பிட்டார்கள். கடப்பாக் கல்லில் பெயிண்ட் லேசில் நிற்காது. ராஜவேல் முதலில் சோடா போட்டுத் தேய்த்துக் கழுவினான். காலம் காலமாக வீட்டுப் பெண்கள் கல் கறுப்பாக மின்னட்டும் என்று துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்திருப்பார்கள். அது அத்தனையும் வெளியே வர வேண்டும். பிறகு எமரித்தாள் தேய்த்துப் பாலிஷைச் செத்துப்போக வைத்தான். காற்றாட விட்டுக் காயவைத்தான்.

அந்த வேலை நடந்தபோது வீட்டுக்காரம்மா தைலம்மாள் அடிக்கடி வந்து தூணோரம் நிற்பாள். ஒருநாள் உதடு வீங்கியிருந்தது. இன்னொரு நாள் மணிக்கட்டில் துணிக்கட்டு.

"என்னாக்கா கையில?"

"வழுக்கி வுழுந்துட்டேன்டா. இந்தக் கல்லு வழவழன்னு கெடக்குல்ல."

ராஜவேல் நம்பினான். நம்பியது மட்டுமில்லை, அடுப்படிக்குப் போகிற வழியில் இன்னும் இரண்டு கை கூடுதலாக எமரி போட்டுச் சொரசொரப்பாக்கினான். அக்கா இனிமேல் வழுக்கக் கூடாது. அதற்கடுத்த வாரமும் தைலம்மாள் வழுக்கி விழுந்தாள். இந்த முறை கண்ணுக்குக் கீழே. 'இவ்வளவு சொரசொரப்பிலுமா?' என்று ராஜவேல் தன் எமரித்தாளையே திட்டினான். அந்த அளவுக்கு அவன் புத்திசாலி.

கல் காய்ந்த அன்று சாயங்காலம், தைலம்மாளைக் கூப்பிட்டு வித்தை காட்டினான். விரலில் தண்ணீர் தொட்டுக் கல்லில் சொட்டினான். சொட்டு பரவி, கல் அதைக் குடித்தது.

"பாத்தியாக்கா, குடிக்குது. இப்புடிக் குடிச்சாத்தான் பெயிண்டயும் குடிக்கும். எண்ணெய் இருந்திச்சுன்னு வையி, சொட்டு முத்து மாதிரி உருண்டு நிக்கும். அதுமேல அடிச்சா மேல காயும், உள்ள காயவே காயாது. சாமியே வந்து ஊதினாலும் காயாது."

"எந்த எண்ணெய்யா இருந்தாலுமா?"

"எந்த எண்ணெய்யும்தான். வெளக்கெண்ணெய்னா இன்னும் மோசம். எம் பொழப்பே போச்சு!"

சொல்லிவிட்டுச் சிரித்தான். தைலம்மாளும் சிரித்தாள். மறுநாள் காலையில் அவன் வந்து மறுபடி ஒரு சொட்டு விட்டுப் பார்த்திருக்க வேண்டும். எதிர்வீட்டுக்காரனிடம் சந்திரயான் நிலாவுக்குப் போன கதையைத் தன் கற்பனையையும் சேர்த்து அளந்துகொண்டே வந்தவன், அந்த ஜோரில் நேராக பிரஷ்ஷை எடுத்துவிட்டான்.

இப்போது உரித்த துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலுக்குப் போனான்.

"அக்கா, நான் அடிக்கிறதுக்கு முன்னாடி கல்லுல எண்ணெய் கிண்ணெய் பட்டுச்சா?"

தைலம்மாள் மீன் அலசிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "எண்ணெய் விக்கிற வெலையில தரைக்கு வேற ஊத்துவாங்களாடா?"

"இல்லக்கா, வாடை அடிக்குது."

"மீன் வாடையா இருக்கும்."

கல்யாணப் பெண் சரண்யா பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கல்லூரி முடித்த பெண். அவளிடம் கேட்டான். "எங்கிட்ட எதுவும் கேக்காதண்ணே" என்று ஈரத் துணியை உதறினாள். அவன் முகமெல்லாம் சாரல். எதுவும் தெரியாத பெண் 'இல்லை' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பாளே என்பது தெருமுனை தாண்டிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

பழக்கதோஷத்தில் அக்கா துடைத்திருப்பாள், இப்போது சொல்லப் பயப்படுகிறாள் என்று ராஜவேல் முடிவு கட்டினான். பயப்படுவது நியாயம்தான். அந்த வீட்டில் வழுக்கி விழுவது தரையால் இல்லை என்று நிச்சயதார்த்தச் சண்டையில் நடனசபாபதியின் கை வேகத்தைப் பார்த்தபோதே அவனுக்குப் புரிந்துபோயிருந்தது.

அன்று மத்தியானம் அவனை ஐஸ் பேக்டரிக்குக் கொண்டுபோனார்கள். மூக்கில் பிளாஸ்திரி ஒட்டிய நடனசபாபதி, அவன் வலது கையைப் பிடித்து ஒரு ஐஸ் பார்மேல் விரித்து வைத்தார். இரண்டு ஆட்கள் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் குளிர்ந்தது, பிறகு எரிந்தது, பிறகு கை இருக்கிற இடமே தெரியவில்லை. இன்னொரு முழு ஐஸ் பாரைக் கொக்கியில் மாட்டி, அந்தக் கைக்கு நேர்மேலே ஒருவன் தூக்கி நிறுத்தினான்.

"எம் பொண்ணு கல்யாணம் பத்திரிகை வரைக்கும் வந்து நின்னுபோயிருக்கு. ஊரே சிரிக்குது. எதனாலடா?"

"என்னாலதான் மொதலாளி."

"பெயிண்டு ஏன் காயல?"

எண்ணெய் என்று ஒரு வார்த்தை போதும், கையை எடுத்துவிடலாம். அப்புறம் அந்த ஆள் நேராக வீட்டுக்குப் போவார்; அக்கா மறுபடி வழுக்கி விழுவாள். இந்த முறை எழுந்திருப்பாளா என்பது சந்தேகம்.

"காத்துல ஈரம் ஜாஸ்தி மொதலாளி. கடலூரு காத்து. அதுக்கும் என்னய மாதிரியே பொறுப்பு கெடையாது."

நடனசபாபதி சிரிக்கவில்லை. "புதன்கெழம சிதம்பரம் வர்ற. சம்பந்தி கால்ல வுழுற. தப்பு என்னுதுன்னு சொல்ற. சம்பந்தம் திரும்ப ஒட்டுச்சுன்னா கை உனக்கு. ஒட்டலன்னா கை எனக்கு."

தலையை ஆட்டினார். மேலே தூக்கியிருந்தவன் பாரை விட்டான். அது ராஜவேலின் சுண்டுவிரலுக்கு ஓரமாக விழுந்து நொறுங்கியது. தெறித்த சில்லு புருவத்தைக் கிழித்தது. நகம் மட்டும் போயிற்று. "இது சாம்பிளு" என்றார் நடனசபாபதி.

ராஜவேலுக்கு அந்தக் கைதான் எல்லாம். சுவரில் கோடு போட்டால் நூல் பிடித்த மாதிரி நிற்கும். அவன் மனைவி ரேகா கல்யாணத்துக்குச் சம்மதித்ததே, மங்கலம்பேட்டையில் அவள் வீட்டுக் கதவுக்கு அவன் பெயிண்ட் அடித்த அழகைப் பார்த்துத்தான். முகத்தைப் பார்த்துச் சம்மதிக்கவில்லை என்பதை அவள் அடிக்கடி ஞாபகப்படுத்துவாள்.

புதன்கிழமை டாடா சுமோவில் கிளம்பினார்கள். முன்னால் நடனசபாபதி. நடுவில் தைலம்மாள், மடியில் பழத் தட்டு. பின்னால் ராஜவேலும் இரண்டு கொக்கி ஆட்களும். புதுச்சத்திரத்தில் நடனசபாபதி டீ குடிக்க இறங்கியபோது ராஜவேல் முன்பக்கம் குனிந்து கிசுகிசுத்தான்.

"அக்கா, நான் சொல்லப்போறதில்ல. எனக்குத் தெரிஞ்சா போதும். மறந்தாப்ல தொடச்சிட்டியா?"

தைலம்மாள் ஜன்னல் வழியாக உப்பளத்தைப் பார்த்தாள். "ஆப்பிள் சாப்புடுறியாடா?"

"பல்லு இல்லக்கா."

சிதம்பரத்தில் தில்லைநாதன் வீடு அவருடைய ரைஸ்மில்லுக்கு ஒட்டினாற்போல இருந்தது. முற்றத்தில் அவரும் இரண்டு பிள்ளைகளும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ராஜவேல் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். எழுந்திருக்கலாமா என்று தலையைத் தூக்கியபோது அரசு அவன் விலாவில் உதைத்தான். இன்னொரு உதை. மூன்றாவதற்கு ராஜவேல் தானாகவே புரண்டு மறு விலாவைக் காட்டினான். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கட்டும் மாப்ள, பெயிண்டு ஒரு கோட்டு அடிச்சா இன்னொரு கோட்டும் அடிக்கணும்ல" என்று வாய் தானாக ஓடியது. அதற்கு ஒரு உதை கூடுதலாகக் கிடைத்தது.

மூத்த மருமகள் குணசுந்தரி காபி கொண்டுவந்தாள். அந்தப் புழுக்கத்திலும் மணிக்கட்டு வரைக்கும் கை வைத்த ஜாக்கெட். தரையில் கிடந்த ராஜவேலைத் தாண்டும்போது தட்டு ஆடிக் காபி கொஞ்சம் சிந்திவிட்டது. அவள் புருஷன் எழுந்து சத்தமில்லாமல் அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து, தலையைத் தூணில் ஒருமுறை மோதினான். சாணி தட்டுவதுபோல ஒரு சத்தம். பிறகு வந்து உட்கார்ந்துகொண்டான். அரசு செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்:

"இன்னொன்னு வுடுண்ணே. ஒன்னுல அதுக்குக் கேக்காது."

குணசுந்தரி சிந்திய காபியை முந்தானையால் துடைத்தாள். துடைக்கும்போது ஜாக்கெட்டின் கை மேலேறியது. முழங்கை வரைக்கும் வட்ட வட்டமாகச் சூட்டுத் தழும்புகள். சிலது பழசு, சிலது இன்னும் நீர் கோத்தது. தரை மட்டத்தில் கிடந்ததால் ராஜவேலுக்கு நன்றாகத் தெரிந்தது. தைலம்மாளுக்கும் தெரிந்தது, ஆனால் அவள் அதைப் புதிதாகப் பார்க்கிறவள்போலப் பார்க்கவில்லை. நடனசபாபதி சுவரில் மாட்டியிருந்த நடராஜர் காலண்டரில் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தில்லைநாதன் கனைத்தார். "சம்பந்தம் பண்றதுல எங்களுக்கு ஆட்சேபன இல்ல. ஆனா எம் வேட்டி அவுந்தத இந்த ஊருல பத்து பேரு பாத்திருக்கான். இவன் சொன்ன வார்த்தையையும் கேட்டிருக்கான். அதனால இந்தக் கையி இங்க, எங்க முன்னாடி ஒடையணும். அப்பறம் தேதி குறிச்சிக்கலாம்."

"தாராளமா" என்றார் நடனசபாபதி. காரிலிருந்து இறங்கியதிலிருந்து இப்போதுதான் அவர் முகம் தெளிந்தது. "டேய், புடிங்கடா."

கொக்கி ஆட்கள் ராஜவேலை இழுத்துப் போய்ப் படிக்கல்லில் அவன் வலது கையை விரித்தார்கள். அரசு உள்ளே போய் அம்மிக் குழவியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். படியும் கடப்பாக் கல்தான். பாலிஷ் போடாதது, சொரசொரப்பாக, பெயிண்டை நன்றாகக் குடிக்கும் கல். அந்த நேரத்திலும் ராஜவேலுக்கு அதுதான் தோன்றியது. வேர்வைத் துளி ஒன்று அவன் மூக்கு நுனியிலிருந்து கல்லில் சொட்டியது. கல் குடித்தது.

குழவி மேலே போயிற்று. மனைவி ரேகா ஞாபகத்துக்கு வந்தாள். கூடவே அந்தப் பாழாய்ப்போன வியாதியும் வந்துவிட்டது. சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்தான். கடிப்பதற்குப் போதுமான பல் இல்லை.

"மாப்ள, ஒரே நிமிசம்! கை போறது போகட்டும். போறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரிஞ்சா போதும். அந்தக் கல்லுல வெளக்கெண்ணெய் தேச்ச மகராசன் யாரு?"

சொன்ன மாத்திரத்தில் நாக்கை அறுத்துப் போட்டுவிடலாம்போல இருந்தது அவனுக்கு. "இல்ல இல்ல, சும்மா சொன்னேன், காத்துதான், ஈரக் காத்து..." என்று உளறினான். நடனசபாபதி மெல்லத் திரும்பினார். "வெளக்கெண்ணெய்யா? எங்க வூட்லயா?"

குழவி அரசுவின் தலைக்கு மேலேயே நின்றது.

தைலம்மாள் பழத் தட்டைக் கீழே வைத்தாள். ஆப்பிள் ஒன்று உருண்டு போனது. அவள் அதைப் பார்க்கவில்லை. நேராகப் படிக்கு வந்து, ராஜவேலின் விரித்த கைமேல் தன் கையை வைத்தாள். மணிக்கட்டில் பழைய துணிக்கட்டு இன்னும் இருந்தது. குணசுந்தரி தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"அவன வுடுங்க" என்றாள் தைலம்மாள். வேறு யாரையும் பார்க்காமல், ராஜவேலை மட்டும் பார்த்துச் சொன்னாள். "நான்தான்டா தேச்சேன். நீ போனப்பறம், கூடம் பூரா, மொழங்கால் போட்டுத் தேச்சேன். மறந்தாப்லலாம் இல்ல. காயாதுன்னு நீதான் சொல்லிக் குடுத்த, அதுக்காகவே தேச்சேன். பொண்ணு பாக்க வந்தன்னைக்கே இந்த வூட்டு மூத்த மருமவ கையப் பாத்துட்டேன். இவருகிட்ட சொன்னேன், எந்த வூட்லதான் அடிக்கலன்னாரு. எம் பொண்ணு இந்த வூட்டுக்கு வரமாட்டா."